கல்லுக்கு எதற்குக் காற்று

பதினொன்று. மறுபடியும் பதினொன்று. நிழல்களை எடுத்தாயிற்று, தூரத்து நட்சத்திரங்களில் பாதியை அணைத்தாயிற்று, விண்கலத்தின் முன்கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தைப் பிடுங்கி எறிந்தாயிற்று, இத்தனைக்குப் பிறகும் திரையின் மூலையில் அந்தப் பச்சை எண் அசைவேனா என்று குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது. விளையாட்டில் நொடிக்கு முப்பது படம் வந்தால்தான் கண் அதை ஓட்டம் என்று ஒப்புக்கொள்ளும். பதினொன்று வந்தால் அது விக்கல். எழிலரசியின் விண்கலம் விக்கிக்கொண்டே ஒரு கிரகத்தைத் தாண்டியது, விக்கிக்கொண்டே திரும்பியது, திரும்புகிற அவசரத்தில் மிதந்து வந்த கல் ஒன்றில் போய் முட்டியது. முட்டின சத்தம் மட்டும் எல்லாம் முடிந்த பிறகு சாவகாசமாக வந்து சேர்ந்தது. "போ, போய்த் தொலை" என்றாள். கப்பலைச் சொன்னாளா, கம்ப்யூட்டரைச் சொன்னாளா, கோபிச்செட்டிபாளையத்தில் உட்கார்ந்திருக்கிற புருஷனைச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியாது. மத்தியானம் மணி இரண்டு இருபது.

மேசையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்று புதிது, அதில் நெடுவான் என்கிற இந்த விளையாட்டு நொடிக்கு நூற்றுப் பத்து படத்தோடு வழுக்கிக்கொண்டு போகும், ஒரு குறை சொல்ல முடியாது. இன்னொன்று பத்து வருஷத்து லேப்டாப், வீட்டில் அதற்குப் பெயரே பழசு. மூடி பிடிமானம் விட்டுப்போய் ஒரு தடித்த டைரியில் சாய்ந்துகொண்டிருக்கும், உள்ளே விசிறி மாவு மில் மாதிரி இரையும், அடிப்பக்கத்தில் தோசையே வார்க்கலாம். இந்தப் பழசிலும் ஓட வேண்டும் என்பது எவனோ வெளியாள் போட்ட நிபந்தனை என்றால் அவனைத் திட்டிவிட்டுப் போகலாம். முதலில் போட்டது அவளும் பூபதியும்தான், அதுதான் வயிற்றெரிச்சல். கல்யாணமான புதிதில் இது ஒன்றுதான் வீட்டில் இருந்தது, ஆசைப்பட்டு எந்த விளையாட்டை இறக்கினாலும் உங்கள் கணினி போதாது என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லும், அப்போதுதான் பூபதி சொன்னான், நாம ஒண்ணு செஞ்சா அது யாரையும் போதாதுன்னு சொல்லக் கூடாது எழிலு என்று. நல்ல வாக்கியம். வாக்கியத்தைச் சொன்னவன் நாற்பத்தேழு நாளாக வீட்டில் இல்லை, வாக்கியம் மட்டும் இங்கே வடவள்ளியில் மாடி வீட்டில் அவள் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதையே பிடித்துக்கொண்டான் சென்னையில் விளையாட்டை வெளியிடுவதாகச் சொன்ன ஆல்வின்: பழைய கம்ப்யூட்டரில் முப்பது வந்தால் எடுத்துக்கொள்கிறோம், வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அனுப்புங்கள், இல்லையென்றால் விட்டுவிடலாம். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நினைத்து முடிப்பதற்குள் ஆல்வினே கூப்பிட்டான், இந்த மாதிரி ஆட்களுக்கு நூறு ஆயுசு.

"மேடம், எங்க டீம்ல பாத்துட்டாங்க. அந்தக் காத்து எஃபெக்டை ஆஃப் பண்ணா முப்பத்தெட்டு வருது. அதை எடுத்துருங்க."

"அது சும்மா எஃபெக்ட் இல்ல சார்."

"கிரகத்தைச் சுத்தி லேசா நீலமா ஒண்ணு தெரியுது, அவ்ளோதானே மேடம்? யாரு அதை உக்காந்து பாக்கப்போறா?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

"பாக்கறதுக்கு டைம் இல்ல மேடம். நாலு மணி" என்று வைத்துவிட்டான்.

யாரு பாக்கப்போறாவாம். பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு விடிகாலையில் ஆழியாறு தாண்டி மேலே ஏறுகிற சாலையில் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் எதிர் மலையையே பார்த்துக்கொண்டு ஒருத்தன் நின்றான், அவளுக்கோ பசி உயிர் போகிறது, கீழே எங்கேயாவது இட்லி கிடைக்குமா என்று அவள் கேட்கக் கேட்க, மலை நீலமில்ல எழிலு, கிட்டப் போனா பச்சைதான், நமக்கும் மலைக்கும் நடுவுல நிக்கற வளிதான் நீலம் என்றான். காத்துன்னு சொல்லுங்களேன், என்ன வளி என்று எரிந்து விழுந்தாள். காத்துன்னா வீசணும், இது வீசறதில்ல, சும்மா சூழ்ந்து நிக்குது, வளிமண்டலம்னு பள்ளிக்கூடத்துல படிச்சதில்லையா என்றான் தமிழ் வாத்தியார் மகன். அங்கே நின்றவன் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் அதையேதான் எழுதினான். நெடுவானில் நாலே நாலு கிரகங்களுக்குத்தான் காற்று உண்டு. இரண்டாவது கிரகத்தின் ஓரமாகக் கப்பலைத் திருப்பினால் சூரியன் பின்னால் போகும்போது விளிம்பு நீலமாகி, செம்மையாகி, அணைகிற ஒரு அந்தி வரும், முதன்முதலில் அது வந்தபோது அவள் கப்பலைத் திருப்பித் திருப்பிப் பத்துத் தரம் அதையே பார்த்தாள். அதை எடுத்துவிட்டால் நாலும் கோலிக்குண்டு. சரி, கோலிக்குண்டாகவே இருக்கட்டும், உலகத்தில் கோலிக்குண்டு பிடிக்காதவன் யார் என்று மனசைத் தேற்றிப் பார்த்தாள், அது தேறுகிற வழியாக இல்லை. ஏனென்றால் விஷயம் கிரகம் இல்லை. இந்த வேலையில் யார் எதை மாற்றினாலும் அது மற்றவருடைய போனுக்கும் ஒரு வரிக் குறிப்போடு போய்ச் சேரும். அவன் கடைசியாக அனுப்பின குறிப்பு நாற்பத்தேழு நாளைக்கு முந்தையது: என் வளியில் தவறு இல்லை. அதற்கு மேல் இவள் வளி நீக்கப்பட்டது என்று ஒன்றை அனுப்பினால், கோபியில் தறி ஓடுகிற அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் நின்று அதைப் படிப்பான், படித்துவிட்டு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான், பிறகு வரமாட்டான். சத்தம் போடுகிற ஆளாக இருந்தால் பயமில்லை. அவன் சத்தமே போடமாட்டான், அதுதான் அவளுக்குப் பயம்.

சண்டை என்று வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். மாமியார் இல்லை, நாத்தனார் இல்லை, குடி இல்லை, சூது இல்லை, பதினொன்று என்கிற எண் ஒன்றுதான். விண்வெளியில் சுற்றுகிற கற்கள் ஆறாயிரமும் அவளுடையவை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒவ்வொரு கல்லும் எந்தப் பாதையில் எவ்வளவு சாய்ந்து எத்தனை நாளில் சுற்றும் என்று கணக்குப் போட்டுப் பட்டியல் எழுதி முடித்துவிட்டாள், அதற்குப் பிறகு அந்தப் பட்டியலைத் திறக்கிற தேவையே வரவில்லை, அவ்வளவு சுத்தமான வேலை. காற்று அவனுடையது. இரண்டையும் சேர்த்துப் பழசில் போட்டால் பதினொன்று. உங்க காத்தை எடுத்தா முப்பத்தெட்டு வருது, பாருங்க என்று அவள் போட்டுக் காட்டினாள். உன் கல்லை எடுத்தாலும் முப்பத்தெட்டுதான் வருது, நீ பாரு என்று அவனும் போட்டுக் காட்டினான். ரெண்டும் நிஜம், எப்படித்தான் நிஜமோ. கல்லே விளையாட்டு, கல்லில்லாமல் என்ன விளையாடுவது, நீல நிறம்தான் அலங்காரம் என்றாள் அவள். அலங்காரம் என்கிற வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அதோடு நின்றாளா, ரெண்டு வருஷமா வெறும் புகையைத்தானே எழுதினீங்க என்று இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னாள், வாயில் வந்துவிட்டது, வந்ததை விழுங்கவும் தெரியவில்லை. அவன் மேசையை விட்டு எழுந்தான். பிறகு "சரிங்க" என்றான். அந்த ஊர்க்காரர்களுக்கு மரியாதை பிறவியிலேயே வருவது, நாய்க்குட்டியைக் கூட வாங்க போங்க என்பார்கள், ஆனால் பூபதி அவளிடம் ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் ங்க போட்டதில்லை. சொல்லு எழிலு, வா எழிலு, போடி பைத்தியம், அவ்வளவுதான். கோபம் வந்தபோதுதான் அந்த ங்க வந்தது. சரிங்க, அண்ணன் வரச் சொன்னாருங்க, நாளைக்குக் கிளம்பறேனுங்க. கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால் கூட அத்தனை வலித்திருக்காது. போய்ச் சேர்ந்ததும் அவள் இரண்டு தரம் கூப்பிட்டாள், இரண்டு தரமும் "சொல்லுங்க" என்று எடுத்தான், மின்வாரியத்தில் புகார் எடுக்கிற ஆள் மாதிரி, அவளும் ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டாள்.

"கண்ணூ! டேங்க் நெறஞ்சு ஊத்துதுங் சாமி, மோட்டார நிறுத்துங்!"

கீழ்வீட்டு அம்மாவின் குரல். மோட்டார் சுவிட்ச் மாடியில் இவள் வாசலில் இருக்கிறது, போட்டுவிட்டுப் போவது அவர்கள், நிறுத்துவது இவள், இது என்ன நியாயம் என்று கேட்கவும் முடியாது. எழுந்து போய் நிறுத்திவிட்டு வருவதற்குள் பழசு தானாக அணைந்து கிடந்தது, சூடு தாங்கவில்லையாம். அதற்குத் தாங்கவில்லை என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது. மணி மூன்று ஐந்து. அதைக் கவிழ்த்து வைத்து டைரியால் விசிறினாள், விசிறும்போதே இதைப் பார்த்தால் பூபதி எப்படிச் சிரிப்பான் என்று நினைத்தாள், நினைத்ததற்காக இன்னும் வேகமாக விசிறினாள். அவன் சிரிப்பே அவளுக்கு ஆகாது. ரெண்டு பேரும் ஒரே ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள், வாளப்பளம் வேணுமா என்று நல்ல மனசோடு நீட்டினாள், மேலூர்க்காரிக்கு அது வாளப்பளம்தான், அவள் அப்பாவுக்கும் அது வாளப்பளம்தான், ஊரில் விற்கிறவனுக்கும் அதுதான். இவன் பழத்தை வாங்காமல் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "இன்னொருக்கா சொல்லு" என்றான். சொன்னாள். இன்னொருக்கா. கல்யாணம் பண்ணிக்கொண்ட பிறகும் விடவில்லை. உன் பேரையே உனக்குச் சொல்ல வரலையே எளிலரசி, நாக்கை இப்படி உள்ள மடக்கு, இன்னொருக்கா சொல்லு. நெடுவானில் வருகிற பெயரெல்லாம் தமிழிலேயே இருக்க வேண்டும், இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாலும் தமிழ் வார்த்தைதான் என்று சட்டம் போட்டதும் அந்த வாத்தியார் மகன்தான். அவன் நிழல் என்று வைத்ததை இவள் நிளல் என்று அடித்து, அப்படி ஒன்று இங்கே கிடையாது என்று கம்ப்யூட்டர் கையை விரித்து, அரை மணி நேரம் தேடியிருக்கிறாள். அவனுக்கு அதற்கும் ஒரு சிரிப்பு. இப்போது வந்து சிரிக்கட்டுமே பார்ப்போம். வந்து சிரித்தால் போதும், சிரித்துவிட்டுப் போகட்டும்.

மூன்று இருபத்தைந்து. சரி, எடுத்துவிடலாம். முடிவு பண்ணியாயிற்று என்றதும் கையை வேலையில் வைத்தாள். அவன் எழுதின முறை எளிது. எந்தப் பொருளுக்குக் காற்று வேண்டுமோ அதன் மேல் வளி என்று ஒரு சீட்டு ஒட்டியிருப்பான், வி ஏ எல் ஐ. கம்ப்யூட்டர் ஒவ்வொரு படத்துக்கும் அந்தச் சீட்டு உள்ள பொருளையெல்லாம் தேடிப் பிடித்து அதைச் சுற்றிக் காற்று வரையும். நாலு கிரகம், நாலு சீட்டு, அதைக் கிழித்துவிட்டால் தீர்ந்தது. குறிப்பை முதலில் அடித்து வைத்துக்கொண்டாள், பிறகு கை வராதென்று தெரியும். வளி நீக்கப்பட்டது. விவாகரத்துத் தாள் இதைவிட நாலு வார்த்தை கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். பிறகு தேடு என்பதில் வி ஏ எல் ஐ என்று அடித்துத் தட்டினாள். மொத்தம் ஆறாயிரத்துப் பன்னிரண்டு இடங்களில் உள்ளது என்றது.

ஆறாயிரமா? இந்த மனுஷன் நாலு கிரகத்துக்குக் காற்று வைக்கச் சொன்னால் ஆறாயிரம் இடத்திலா எழுதி வைத்திருக்கிறான், இவனுக்குப் புத்தி இருக்கிறதா இல்லையா, இதைத் தூக்கிக்கொண்டுதான் தவறு இல்லை தவறு இல்லை என்று வீறாப்பாகப் போனானா என்று ஆத்திரம் சுறுசுறுவென்று ஏறியது, ஏறினது ஒரு வகையில் நன்றாகக் கூட இருந்தது, நாற்பத்தேழு நாளில் முதன்முறையாக அவள் பக்கம் நியாயம் நூறு சதவீதம். முதல் இடத்தைத் திறந்தாள். கல் ஒன்று, வளி. அடுத்தது. கல் இரண்டு, வளி. கல் மூன்று, வளி. கல்லுக்கு எதற்கடா காற்று என்று வாய்விட்டே கேட்டாள். கேட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதினவர் பெயரைப் பார்த்தாள், பூபதி என்று இருக்கும் என்று பார்த்தாள். எழிலரசி என்று இருந்தது. தேதி மூன்று வருஷத்துக்கு முந்தையது, அவன் காற்றை எழுத ஆரம்பிக்காத காலம். தான் எங்கே வளி எழுதினோம், நமக்கும் வளிக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்பி, அந்த வரியை ஒருதரம் வாய்க்குள் படித்தாள். கல் ஒன்று, வளி, இத்தனை பாகை சாய்வு, இத்தனை நாள். மறுபடி படித்தாள். அது காற்று இல்லை. கல் போகிற வழி. வழி என்பதைத்தான் அவள் நாக்கு சொன்னபடியே அடித்து வைத்திருக்கிறாள், ஆறாயிரம் தரம், ஒன்று விடாமல்.

ஐயோ. அப்படியென்றால் இரண்டு வருஷமாக ஒவ்வொரு நொடியும் ஆறாயிரம் கல்லையும் சுற்றி அந்தப் பழசு காற்று வரைந்துகொண்டிருந்திருக்கிறது. பொடிக்கல், அதைச் சுற்றிக் காற்று என்றால் மயிரிழையை விட மெலிசு, கண்ணுக்கே தெரியாது, தெரியாத காற்றுக்குள் வெளிச்சம் எப்படி வளையும் செம்மை எவ்வளவு நீலம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் போட்டுத்தான் அது செத்திருக்கிறது. புதிய கம்ப்யூட்டர் தெம்பில் சமாளித்துவிட்டது, அதனால் தெரியவில்லை. காற்றை எடுத்தாலும் சரியாகும், கல்லை எடுத்தாலும் சரியாகும், ரெண்டும் நிஜம்தான். என் வளியில் தவறு இல்லை என்று எழுதினானே, பாவி, தவறு இல்லைதான். வெறும் புகையைத்தானே எழுதினீங்க என்று சொன்னாளே, அந்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது. அவளுக்கு அழுகை வரவில்லை, தன் தலையில் தானே இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டாள், மூன்று நாற்பது, அழ நேரமும் இல்லை.

மாற்றியாக வேண்டும். பாதை என்று போட்டால் பிரச்சினையே கிடையாது, அது அவள் நாக்குக்கும் விரலுக்கும் பழகின வார்த்தை. விரல் பாதைக்குப் போய்விட்டு நின்றது. பிறகு வி ஏ அடித்து, இசட் எங்கே என்று பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டையை அவள் தொட்டது ஒன்றுக்குத்தான், கன்ட்ரோலோடு சேர்த்து அழுத்தி, செய்த தப்பைச் செய்யாததாக ஆக்குவதற்கு. இன்றைக்குத் தனியாக அழுத்தினாள். இசட், எச், ஐ. வழி. ஆறாயிரம் கல்லுக்கும் மாற்றினாள், கல்லை நகர்த்துகிற தன் கணக்கிலும் மாற்றினாள், பழசில் போட்டாள். முப்பத்தேழு! கப்பல் எண்ணெய் போட்ட கதவாகத் திரும்பியது, கற்கள் மிதந்தன, நீல விளிம்பு அப்படியே இருந்தது. இருந்தது, ஆனால் அசையவில்லை. நாலு கிரகமும் ஆணி அடித்த மாதிரி நின்ற இடத்திலேயே நின்றன. இதற்கு மேல் என்னடா என்று மேசையில் நெற்றியை வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் உறைத்தது: கிரகத்துக்கு வழி என்று யாரும் எழுதவே இல்லை. அவன் ஒட்டின வளிச் சீட்டைத் தன்னுடையது என்று நினைத்து அவளுடைய கணக்குத்தான் அந்த நாலையும் இத்தனை நாளாகச் சுற்ற வைத்திருக்கிறது. அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. நாலு கிரகத்திலும் அவன் வார்த்தைக்குப் பக்கத்தில் தன் வார்த்தையையும் எழுதினாள். வளி, வழி. கிரகங்கள் நகர்ந்தன. இரண்டாவது கிரகத்தின் பின்னால் சூரியன் போயிற்று, பழசில், அந்தப் பத்து வருஷத்து ஓட்டைப் பெட்டியில், விளிம்பு நீலமாகிச் செம்மையாகி அணைந்தது, ஒரு விக்கல் இல்லை.

மூன்று ஐம்பத்தாறுக்கு ஆல்வினுக்கு அனுப்பினாள். அடித்து வைத்திருந்த குறிப்பை அழித்தாள், வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, ஒரு வரியில் எழுதுகிற விஷயமா இது. போனை எடுத்தாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கமாட்டான், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று வைக்கப் போகும்போது எடுத்தான். பின்னால் தறிச் சத்தம்.

"சொல்லுங்க."

"இல்ல, ஒண்ணுமில்ல" என்று வாய் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தது. நிறுத்தினாள். "கண்டுபிடிச்சுட்டேன். உங்க வளி இல்ல. என் வளி."

"எந்த வளிங்க?"

"உங்க வளில தப்பு இல்ல. எனக்குத்தான்... நான் கல்லுக்கெல்லாம் வளின்னு எளுதி வச்சுட்டேன். காத்து வளி இல்ல. போற வளி."

"விளங்கலைங்க" என்றான் தறிச் சத்தத்துக்கு நடுவில். அவளுக்கு எரிச்சல் வந்தது, இந்த மனுஷனுக்கு எத்தனை தரம் சொன்னாலும் விளங்காதா, அவள் வாயில்தான் இரண்டும் ஒன்றாக வருகிறதே, ஒன்பது வருஷம் கேட்டவனுக்குத் தெரியாதா. கண்ணை மூடிக்கொண்டாள். நாக்கை உள்ளே மடக்கினாள், அவன் சொல்லிக்கொடுத்த மாதிரி, அண்ணத்தைத் தொடாமல்.

"வழி" என்றாள்.

தறிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, வெளியே நடந்து வருகிறான் போல. மூச்சு கேட்டது.

"இன்னொருக்கா சொல்லு" என்றான்.